சிவப்புச் சாயம்

துப்பாக்கிக்கு எதற்கு வண்ணம்? தொட்டிலுக்குத் தீட்டுவர், தேருக்குத் தீட்டுவர், பிள்ளைகள் ஆடும் பொம்மைக்குத் தீட்டுவர். ஆளைக் கொல்லும் கருவிக்கு, மரக்குதிரைக்குப் பூசுவதுபோல் பளபளக்கும் சிவப்புச் சாயம் எதற்கு?

அத்தகைய துப்பாக்கிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. நீண்ட இரும்புக் குழல். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய விசை. விசையை விடுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும், பொறி பறக்கும், கிண்ணியிலுள்ள மருந்து பற்றும், குழலுக்குள் கெட்டித்த மருந்து வெடிக்கும். இவ்வளவும் அந்நாளைய இங்கிலாந்துச் சிப்பாயின் தோளில் தொங்கிய துப்பாக்கியிலும் இருந்தவையே. வேறுபாடு கட்டையிலே! சிப்பாயின் துப்பாக்கிக்கு வால்நட் மரம். அதன் வரிகளே அதற்கு அழகு. இதற்கோ, வெளிறிய, விலை மலிந்த பீச் மரம். அதன் வெளிறலை மறைக்கச் சாயம். படைக்காகச் செய்ததன்று இது, சந்தைக்காகச் செய்தது. எந்தச் சந்தை? மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை. அங்கே இதற்கு ஈடாகப் பெற்றது என்ன? பொன், யானைத் தந்தம், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்!

18-ஆம் நூற்றாண்டில் இந்த வாணிகத்தின் உலைக்களம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர். பெல்ஜியத்தின் லியேஜ் நகரும் பின்னர்ப் பெரும் பங்கு கொண்டது. கணக்கைக் கேட்டால் மலைப்போம். 1750 முதல் 1807 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கிய துப்பாக்கிகள் ஆண்டொன்றுக்கு 283,000 முதல் 394,000 வரை இருக்கலாம் என்று 1977-இல் மதிப்பிட்டார் நைஜீரிய வரலாற்றறிஞர் ஜோசப் இனிக்கோரி. அத்தனையும் போருக்குப் போனவையல்ல. வேட்டைக்கும், விளைநிலத்தில் விலங்கை விரட்டவும், சாவுச் சடங்கில் வெடிமுழக்கத்துக்கும் பயன்பட்டவை ஏராளம். எனினும், ஊரைச் சூழ்ந்து ஆள்பிடிக்கும் கூட்டத்தின் கையிலும் இவை இருந்தன. அந்த ஊரைக் காக்க நின்றவன் கையிலும் இவையே இருந்தன. இரு தரப்புக்கும் விற்றவன் ஒருவனே.

இந்தத் துப்பாக்கிகளைப் பற்றி ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒரு கதை உலவிற்று. 'காட்டுமிராண்டிகள், கண்ணைப் பறிக்கும் நிறம் கண்டால் போதும், கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவர், ஆகவே சாயம் பூசினோம்' என்பதே அக்கதை. கேட்பதற்குச் சுவையான கதை. விற்றவனைக் கெட்டிக்காரனாகவும் வாங்கியவனை ஏமாளியாகவும் காட்டுகிற கதை. கதையைச் சொன்னவன் யார் என்று கேட்டால்தான் அதன் குட்டு வெளிப்படும். சொன்னவன் விற்றவனே!

உண்மை என்ன? கடற்கரைக் கோட்டைகளில் இருந்த வணிகர் தம் முதலாளிகளுக்கு எழுதிய கடிதங்களில் புலம்பல் மிகுதி. இந்த வகை இங்கே போகாது, அந்த வகையே வேண்டும், சென்ற கப்பலில் வந்ததை யாரும் தொடவில்லை என்று ஓயாத புலம்பல். போனித் துறைக்கு ஒரு வகை, அங்கோலாவுக்கு வேறு வகை, பொற்கரைக்கு நீண்ட குழல் கொண்ட டேனிய வகை என்று பர்மிங்காம் பட்டறைக்காரர் பெயரிட்டுப் பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது. வாங்குவோன் குழலைத் தட்டிப் பார்த்தான், விசையை இழுத்துப் பார்த்தான், பழகிய அடையாளம் இல்லையேல் தள்ளிவிட்டான். கட்டையின் நிறமும் அத்தகைய அடையாளங்களில் ஒன்று. வட அமெரிக்காவில் மென்மயிர்த் தோல் வாணிகத்துக்குச் சென்ற துப்பாக்கியில் பாம்பு வடிவப் பித்தளைத் தகடு ஒன்று பதித்திருப்பர். அத்தகடு இல்லாத துப்பாக்கியை அந்நாட்டுப் பழங்குடியினர் ஏற்க மறுத்தனர். அழகில் மயங்கியா? இல்லை. தகடு இருந்தால் பழகிய தரம் இருக்கும் என்ற பட்டறிவினால்! நாம் கடையில் முத்திரை பார்த்துப் பொருள் வாங்குகிறோமே, நம்மைக் காட்டுமிராண்டி என்பார் உண்டோ?

நம் கரையிலிருந்தே இதற்கு இன்னொரு சான்று உண்டு. புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, பிரெஞ்சுக்காரர் கப்பலில் செனகல் நாட்டுக்குப் போயிற்று. அங்கே பிசின் வாங்க அதுவே நாணயம்போல் வழங்கிற்று. பிரான்சின் ரூவான் நகர் ஆலைகள் அதைப் பார்த்துப் போலி செய்து அனுப்பின. செனகல் வணிகர் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு, புதுச்சேரித் துணியையே கேட்டனர். நிறமும் மணமும் கொண்டு துணியை அறிந்தவரா, நிறத்தைக் கண்டு மயங்கித் துப்பாக்கி வாங்கியிருப்பர்?

அப்படியானால் சாயத்தில் சூது இல்லையா? உண்டு. தாழ்ந்த மரத்தையும் அவசர வேலையையும் அது மறைத்தது என்பதில் ஐயமில்லை. பர்மிங்காமிலிருந்து ஆண்டுக்கு நூறாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, அவற்றில் பாதிக்குமேல் முதலில் சுடுபவன் கையிலேயே வெடித்துவிடும் என்று 1760-களில் மனம் நொந்து குறித்தவர் ஷெல்பர்ன் பிரபு, பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானவர். பாதிக்குமேல் என்பது மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. அப்படி வெடித்திருந்தால், அத்தனை நுணுகிப் பார்க்கும் வாடிக்கையாளர் மறுமுறை வாங்கியிருக்கமாட்டார். ஆனால் குழலைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் பர்மிங்காமில் சட்டப்படி அமைந்தது 1813-இல்தான் என்பதை மறத்தல் ஆகாது. அடிமை வாணிகத்தை இங்கிலாந்து தடைசெய்தது 1807-இல். வாணிகத்தின் உச்சக் காலமெல்லாம் கட்டாயச் சோதனையின்றியே கழிந்தது. லியேஜ் பட்டறைகளோ சாயத்தோடு நிற்கவில்லை; போர்ச்சுகலின் பிராகா நகரில் புகழ்பெற்ற லாசரினோ என்னும் பெயரைக் குழலில் பொறித்து, 'அசல்' என்ற சொல்லையும் சேர்த்து, அங்கோலாவுக்கு விற்றன. அசல் என்று எழுதிய போலி!

இனி, கட்டைக்குச் சாயம் பூசியவர்களில் ஒருவரைச் சற்று நெருங்கிக் காண்போம். பெயர் சாமுவேல் கால்ட்டன். பர்மிங்காமின் முதன்மைத் துப்பாக்கிக் குடும்பம். சமயத்தால் அவர் குவேக்கர். போரே கூடாது, ஆயுதம் தொடலாகாது என்று போதித்த சங்கம் அது. இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்து முதலில் குரலெழுப்பியதும் அதுவே! அச்சங்கத்தின் உறுப்பினர் துப்பாக்கி செய்து அடிமைக்கரைக்கு அனுப்பினார். சங்கம் பல்லாண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. 1795-இல் கேள்வி கேட்டது. 1796-இல் அவரை விலக்கிற்று.

கால்ட்டன் சும்மா இருக்கவில்லை. அச்சிட்ட விடை ஒன்று தந்தார். அதில் அவர் எடுத்த வாதத்தைத் தோழர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். தொழில் எனக்குத் தந்தைவழி வந்தது, நானாகத் தேடிக்கொண்டதன்று என்றார். வாற்கோதுமை விதைக்கும் உழவனும், அதைக் காய்ச்சி மது வடிப்பவனும் குடிகாரனின் கேட்டுக்குப் பொறுப்பாளிகளா என்று கேட்டார். தொழில் பிறப்பால் வந்தது, பொறுப்பு என்னுடையதன்று! இந்தக் குரல் நமக்குப் புதியதா? அக்கிரகாரத்தில் கேட்டிருக்கிறோம், ஆண்டைகளின் திண்ணையில் கேட்டிருக்கிறோம். பர்மிங்காமில் அது ஆங்கிலம் பேசிற்று, அவ்வளவே.

இன்னும் கேளுங்கள். கால்ட்டன் அறிவிலி அல்லர். முழுநிலவு நாளையொட்டிக் கூடியதால் நிலாக் கழகம் எனப் பெயர்பெற்ற அறிஞர் குழுவில் அவர் அமர்ந்தார். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் அக்குழுவினர். உயிர்க்காற்றைப் பிரித்தறிந்த ஜோசப் பிரீஸ்ட்லி அக்குழுவினர். மாற்றுக் கருத்துக்காக 1791-இல் மதவெறிக் கும்பல் அவர் வீட்டைக் கொளுத்திற்று. மட்கலத் தொழிலதிபர் வெட்ஜ்வுட் 1787-இல் விலங்கு பூட்டிய அடிமையின் உருவை வில்லையில் வார்த்து, நானும் மனிதனல்லவா என்று கேட்கவைத்தார். அவரும் அந்த வட்டத்தவரே. ஒரே மேசையில் விலங்கொடிக்கும் வில்லையும் இருந்தது, விலங்கு பூட்டும் வாணிகத்தின் துப்பாக்கியும் இருந்தது. பகுத்தறிவாளர் கூட்டம் என்று நாம் பெருமையோடு குறிக்கும் கூட்டத்திலே இந்தக் கறையும் இருந்ததென்பதை மறைத்தெழுத நாம் புராணிகர் அல்லோம்.

1804-இல் வங்கி தொடங்கிற்று குடும்பம். துப்பாக்கிப் பணம் வங்கிப் பணமாயிற்று. அப்பணத்தின் நிழலில், பிழைப்புக்கென வேலை பார்க்கும் தேவையின்றி வளர்ந்த பேரன்தான் பிரான்சிஸ் கால்ட்டன். 1883-இல், 'நல்ல' பிறப்பினரைப் பெருக்கும் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயரிட்டவர். 1873 ஜூனில் லண்டன் டைம்ஸ் ஏட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆப்பிரிக்கர் தாழ்ந்த இனத்தார், சீனரைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேற்றினால் அவர்கள் இவர்களை அகற்றிவிடுவர் என்பது அதன் சாரம். பாட்டன் சாயம் பூசிய கட்டையைக் கொடுத்து வாங்கினார். பேரன் வாங்கப்பட்டவரின் பிறப்பே தாழ்வு என்றார். மனு சாத்திரத்தின் பெயரால் இங்கே சொன்னதை, அங்கே விஞ்ஞானத்தின் பெயரால் சொன்னார்கள். எந்தச் சாயம் பெரிய சாயம்?

அந்தக் கடிதம் வெளிவந்த எட்டாம் மாதம், 1874 ஜனவரி 31-இல், பொற்கரை நாட்டின் அமோஃபோ ஊரருகே அசாந்தியர் படையும் ஊல்ஸ்லி தலைமையில் வந்த ஆங்கிலப் படையும் மோதின. அசாந்தியர் கையில் பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி. குழலின் வாய்வழியே மருந்தும் இரும்புத் துண்டுகளும் கெட்டிப்பது. ஆங்கிலேயர் கையில் பின்புறம் தோட்டா இடும் ஸ்னைடர் துப்பாக்கியும் பீரங்கியும். அசாந்தியர் அஞ்சாது நின்று சுட்டனர். ஆங்கிலேயரில் காயமுற்றோர் பலர், மாண்டோர் மிகச் சிலர். அசாந்தியர் கொத்துக்கொத்தாய் வீழ்ந்தனர். நான்கு நாளில் தலைநகர் குமாசி பிடிபட்டது, பிறகு எரிக்கப்பட்டது. வீரத்தில் குறைவில்லை, கருவியில் குறைவு. அக்கருவியை விற்றவர்களே எதிரில் நின்றனர்!

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாய் நேர்ந்தது என்று எண்ணுவோர் 1890-ஆம் ஆண்டின் பிரசெல்ஸ் ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும். அடிமை வாணிகத்தை ஒழிக்கவென்று ஐரோப்பிய அரசுகள் கூடிச் செய்த ஒப்பந்தம். ஆப்பிரிக்காவில் வட அகலாங்கு 20 முதல் தென் அகலாங்கு 22 வரை துப்பாக்கி இறக்குமதி கூடாது என்றது. நல்லது என்பீர்கள். விலக்கு ஒன்று வைத்தது: சக்கிமுக்கித் துப்பாக்கியும், சந்தைமருந்து எனப்படும் தாழ்ந்த வெடிமருந்தும் அனுமதியுடன் விற்கலாம்! ஐரோப்பியப் படைகள் அரை நூற்றாண்டுக்கு முன்னரே கைவிட்ட கருவி அது. தங்கள் படைகளுக்கு அவர்கள் மாக்சிம் எந்திரத் துப்பாக்கி வைத்துக்கொண்டனர். அறத்தின் பெயரால் ஒரு கண்டத்தைப் பழங்கருவியிலே நிறுத்திவைத்த ஏற்பாடு இது.

அந்த வேலியைத் தாண்டியவர் நிலை வேறு. எத்தியோப்பியாவின் மெனெலிக் புதிய துப்பாக்கிகளை முன்கூட்டியே திரட்டினார். 1896 மார்ச் 1-இல் அத்வாவில் இத்தாலியப் படை சிதறியது. மேற்கே சமோரி தூரே, தம் கொல்லரைக் கொண்டே பிரெஞ்சுக்காரரின் தொடர்சுடு துப்பாக்கியைப் பார்த்துச் செய்யவைத்தார். 1898-இல் பிடிபடும்வரை பல்லாண்டு எதிர்த்து நின்றார். தாழ்ந்த இனமென்று பழிக்கப்பட்ட மண்ணின் உலையிலே, ஐரோப்பாவின் புதுக்கருவி உருவாயிற்று.

பழைய வகையும் அழிந்துவிடவில்லை. பொற்கரையில் அதை முதலில் புகழ்பெறச் செய்தவர் டேனியர். நம் தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை கொடி பறக்கவிட்ட அதே டேனியர். அக்ராவில் இருந்த தங்கள் கோட்டையை 1850-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போயினர். நைஜீரியாவிலும் கானாவிலும் ஊர்க் கொல்லர்கள் கிடைத்த இரும்புக் குழாயைக் கொண்டு அதே வகைத் துப்பாக்கியை இன்றும் செய்கின்றனர். வேட்டுவர் வாங்குகின்றனர், பெரியவர் ஒருவர் மறைந்தால் வானம் நோக்கி வெடிக்கின்றனர். கொல்லன் அவ்வூரான், மரம் அவ்வூர் மரம். பெயர் மட்டும் இன்னும் டேன் துப்பாக்கி.