பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் குறைபாடு: மருத்துவப் பணியாளர்களின் கவனத்துக்கு வராதது ஏன்?

பக்கவாதத்திலிருந்து உயிர்பிழைத்தவர்களில் கணிசமானோருக்கு நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் குறைபாடு ஏற்படுகிறது. கை, கால் நன்கு தேறியவர்களிடமும் இது நீடிக்கக்கூடும். ஆனால், வீடு திரும்பும் நாளில் நோயாளி நடக்கிறாரா, பேசுகிறாரா என்பதே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது.

இதற்குப் பணியாளர்களின் அக்கறையின்மையை மட்டும் காரணமாகக் கூற இயலாது. பக்கவாதத்தின் தீவிரத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் 'என்ஐஹெச்எஸ்எஸ்' அளவுகோலின் மொத்த மதிப்பெண் 42. அதில் நோயாளியிடம் நடப்பு மாதமும் வயதும் கேட்கப்படுகின்றன. புதிய தகவலை நினைவில் நிறுத்தும் திறன் சோதிக்கப்படுவதில்லை. உடலின் அல்லது சுற்றுப்புறத்தின் ஒரு பக்கத்தையே உணராதிருக்கும் குறைபாட்டுக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண்கள்தான். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் இக்குறைபாடு அதிகம் என்பதால், அவர்களது பாதிப்பு குறைத்து மதிப்பிடப்படுகிறது.

இவற்றை முதலில் காணும் வாய்ப்பு செவிலியர்களுக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்குமே உண்டு. தட்டின் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுவது, நேற்றுக் கற்ற பயிற்சியை இன்று மறப்பது, சட்டை அணியும் வரிசையில் தடுமாறுவது போன்றவை அதன் அடையாளங்கள். விவரம் அறியாதபோது, அந்த நோயாளி 'ஒத்துழைக்காதவர்' ஆகிவிடுகிறார். வீட்டாரோ 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகின்றனர். மனச்சோர்வும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பது சிக்கலை மேலும் கூட்டுகிறது.

ரத்த அழுத்த மாத்திரையை மறப்பவருக்கு மீண்டும் பக்கவாதம் வரும் அபாயம் அதிகம். முதல் பக்கவாதத்துக்குப் பின் சுமார் 10 சதவீதம் பேருக்கு முதுமை மறதி நோய் உருவாவதாகவும், மீண்டும் பக்கவாதம் வந்தவர்களில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதாகவும் 2009-இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது.

கண்டறியும் சோதனைகளிலும் இந்தியாவுக்கென ஓர் இடர்ப்பாடு உள்ளது. 2005-இல் வெளியான 30 மதிப்பெண் 'மோகா' சோதனையில் கடிகாரமும் கனசதுரமும் வரைய வேண்டும். பென்சில் பிடித்துப் பழகாதவர் அதில் தவறுவது நோயால்தானா என்று சொல்வது கடினம். இதனை உணர்ந்தே, 1990-களில் ஹரியாணாவின் பல்லப்கரில் எழுத்தறிவற்ற முதியோருக்காக ஹிந்தியில் ஒரு சோதனை உருவாக்கப்பட்டது. அதில் 100-இலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதிலாக வாரநாள்களைத் தலைகீழாகச் சொன்னால் போதும். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய 5 மொழிகளில் சோதனைத் தொகுப்பை வடிவமைத்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை.

முதல் சில நாள்களில் நோயாளிக்குக் குழப்பநிலை இருக்கலாம் என்பதால், அப்போதைய சோதனை முடிவு இறுதியானதல்ல. சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும். பேச்சிழந்தவர்களுக்குச் சொல் சாராத சோதனை தேவை. வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பில் இந்த விவரமும், மாத்திரைகளை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு வீட்டில் யாருடையது என்பதும் இடம்பெற்றால், அடுத்து நோயாளியைக் காணும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளருக்கு உதவும்.