சுண்ணாம்பைக் கொண்டு சுண்ணக்கல்லைக் காத்தல்: வெல்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பு

இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்திலுள்ள வெல்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. அதில் ஏறத்தாழ 400 சிலைகள் இடம்பெற்றிருந்தன; இன்று எஞ்சியிருப்பவை 300க்குச் சற்றுக் குறைவு. அருகிலுள்ள டௌல்டிங் என்னும் ஊரில் வெட்டியெடுத்த சுண்ணக்கல்லே இம்முகப்பின் முதன்மைக் கல்லாகும்.

அக்கல் சிதைவது எங்ஙனம் என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக ஈராக்சைடு ஈரத்தோடு கூடிக் கல்லின் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கும்போது ஜிப்சம் விளைகிறது. மழை நேரே படும் இடங்களில் அது கரைந்தோடிவிடும். கல்லும் சிறிது சிறிதாகத் தேயும். மழை எட்டாத மடிப்புகளிலோ கரியோடு சேர்ந்து கறுத்த பொருக்காகப் படியும். அப்பொருக்கு உப்பிக் கழலும்போது அடியில் இருப்பது பெரும்பாலும் வெறும் மாவே. சிற்பி செதுக்கிய விரல்நுனியும் ஆடை மடிப்பும் அந்த மாவோடு உதிர்ந்துவிடுகின்றன.

1974இல் தொடங்கி 1986 வரை நீண்ட திருப்பணியின்போது எழுந்த வினா எளிதன்று. சிதைந்தவற்றை அகற்றிப் புதியன செதுக்கி வைப்பதா, தேய்ந்தவற்றைத் தேய்ந்தபடியே நிறுத்திக் காப்பதா? முந்தைய வழியில் முகப்பு பொலிவு பெறும். ஆனால் நாம் காண்பது பதின்மூன்றாம் நூற்றாண்டின் கைவண்ணமாக இராது. வெல்ஸில் பிந்தைய வழியே பெரும்பாலும் மேற்கொள்ளப்பட்டது. உச்சியிலிருந்த கிறித்துவின் சிலையில் கீழ்ப்பகுதி மட்டுமே எஞ்சியிருந்தமையால், 1985இல் டேவிட் வின் செதுக்கிய புதிய உருவம் அங்கு வைக்கப்பட்டது. அது விதிவிலக்கு.

சிலைகளைக் காக்கும் முறையை வகுத்தவர் பேராசிரியர் ராபர்ட் பேக்கர். அவர் நாடிய மருந்து சுண்ணாம்பு. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய அதே நீற்றிய சுண்ணாம்புதான். முதலில் சூடான சுண்ணாம்புக் குழம்பைச் சிலையின்மீது கனமாக அப்பிச் சாக்குத்துணியால் சுற்றிப் பல வாரம் ஈரம் காயாமல் வைத்திருப்பர். அதை நீக்கும்போது இளகிய அழுக்கும் பொருக்கும் உடன் வரும். அடுத்து, சுண்ணாம்புத் தெளிநீரைச் சில நாள்களில் ஏறத்தாழ நாற்பது முறை பாய்ச்சுவர். பின்னர் வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, இறுதியில் சுண்ணாம்பும் நுண்மணலும் கல்தூளும் கலந்த மெல்லிய பூச்சொன்றை இடுவர்.

தெளிநீரிலுள்ள சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும். கல்லுக்குள் கல்லே விளைந்து துகள்களைப் பிணைக்கும் என்பது நம்பிக்கை. கொள்கையளவில் இதனினும் அழகிய வழி இல்லை. அளவு பார்க்கும்போதுதான் ஐயம் எழுகிறது. ஒரு லிட்டர் நீரில் கரையும் சுண்ணாம்பு ஏறத்தாழ 1.7 கிராம், அது முழுவதும் மாறினாலும் கிடைப்பது 2.3 கிராம் கார்பனேட்டே. கிளிஃபர்ட் பிரைசும் உடன் ஆய்ந்தோரும் கதிரியக்கத் தடங்காட்டியைக் கொண்டு இம்முறையைச் சோதித்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். சுண்ணாம்பு பெரும்பாலும் கல்லின் புறப்பரப்பை ஒட்டியே தங்கிவிட்டது. கல் வலுப்பெற்றமைக்குத் தெளிவான சான்று கிட்டவில்லை.

எனினும், பேக்கரின் பணி வீணாயிற்று என நாம் கருதவில்லை. பொருக்கு நீங்கியது, விரிசல்கள் அடைபட்டன, மேற்பூச்சு காவலாயிற்று. பயன் உண்மை, அதற்குக் கூறப்பட்ட காரணமே முழுதும் பொருந்தவில்லை. மருத்துவத்திலும் இத்தகையன பலவுண்டு.

தெளிநீரின் வறுமையைப் போக்கும் முயற்சி பின்னர் இத்தாலியில் வலுப்பெற்றது. பிளாரன்சு பல்கலைக்கழக வேதியியலார் சுண்ணாம்பை நானோ துகள்களாக்கி, நீருக்கு மாற்றாகச் சாராயத்தில் மிதக்கவிட்டனர். இக்கலவை லிட்டருக்கு 5 கிராம் முதல் 50 கிராம் வரை சுண்ணாம்பைச் சுமக்கவல்லது. ஆயினும் சாராயம் ஆவியாகும்போது துகள்கள் மேற்பரப்புக்கே திரும்பி வெண்படலம் விடுவதுண்டு. எத்துணை ஆழம் செல்லும் என்பது கல்லின் நுண்துளைகளையும் ஈரத்தையும் பொறுத்தது. ஆதலின் ஒவ்வொரு கல்லிலும் சிறு பகுதியில் முன்னரே சோதித்த பிறகே பயன்படுத்துகின்றனர்.

பேக்கரின் மேற்பூச்சோ நிலைத்திருப்பதற்கென இடப்பட்டதன்று. மழையும் காற்றும் கல்லுக்கு மாறாக அதனை அரிக்கும். அரித்துத் தீர்ந்ததும், சாரத்தின்மீது மீண்டும் ஏறிப் புதிதாகப் பூச வேண்டும்.