ஒரே பிரவுசரில் மாட்டிக்கொண்ட நாடு

தென்கொரியாவின் கியோங்ஜு நகரத்தில் ஒரு காபிக் கடை மாடியில் 2022இல் ஒரு கல்லறைக் கல் வைத்தார்கள். கல்லில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து. பிறப்பு 1995, இறப்பு 2022. மற்ற பிரவுசர்களை டவுன்லோட் செய்ய நல்ல கருவியாக இருந்தார் என்று கீழே ஒரு குறிப்பு. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் கட்டிய சமாதி அது. படம் உலகமெல்லாம் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மற்ற நாடுகள் எப்போதோ கைவிட்ட பிரவுசரை கொரியா மட்டும் ஏன் அவ்வளவு காலம் கட்டிக்கொண்டு அழுதது?

பதில் 1990களில் இருக்கிறது. அப்போது அமெரிக்கா, தகவலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷனை ஆயுதம் மாதிரி பார்த்தது. உள்ளூருக்கு 128 பிட் பூட்டு, வெளிநாட்டுக்கு விற்கும் பிரவுசர்களில் 40 பிட் பூட்டு. அந்த 40 பிட் பூட்டை 1995இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இதை நம்பி யார் பேங்க் நடத்துவது? கொரியா தனக்கென்று ‘சீட்’ என்ற 128 பிட் முறையை உருவாக்கியது. 1999இல் டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்டமும் வந்தது. அன்றைய நிலையில் புத்திசாலித்தனமான முடிவு, குறை சொல்ல முடியாது.

சிக்கல் ஒன்றுதான். எந்த பிரவுசருக்கும் ‘சீட்’ தெரியாது. அதனால் தனியாக ஒரு இணைப்பு நிரலை ஒட்டவைத்தார்கள். நெட்ஸ்கேப்புக்கு ஒன்று, எக்ஸ்புளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ் என்ற வடிவில் ஒன்று. கொஞ்ச நாளில் நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. ஆக்டிவ்எக்ஸ் மட்டும் மிச்சம். 2000இல் அமெரிக்கா தன் தடையைத் தளர்த்தியது. காரணம் போய்விட்டது, ஆனால் ஏற்பாடு அப்படியே நின்றது.

ஆக்டிவ்எக்ஸ் என்பது, வெப்சைட் அனுப்பும் ஒரு விண்டோஸ் நிரல். உங்கள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து உங்கள் அதிகாரத்திலேயே ஓடும். மேக், லினக்ஸ், ஃபயர்பாக்ஸ் எதிலும் வேலைக்கு ஆகாது. கரண்ட் பில் கட்ட, டிக்கெட் எடுக்க, அரசாங்கச் சான்றிதழ் வாங்க, எங்கே போனாலும் ‘இன்ஸ்டால் பண்ணலாமா?’ என்று ஒரு பெட்டி வரும். ‘சரி’ அழுத்தாவிட்டால் வேலை நடக்காது. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, எது கேட்டாலும் ‘சரி’ அழுத்த ஒரு தேசத்தையே பழக்கியது. வைரஸும் அதே பெட்டியில்தான் கேட்கும்.

2007இல் கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவர், சான்றிதழ் தரும் அமைப்பு மற்ற பிரவுசர்களுக்கும் சேவை தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். எல்லோரும் எக்ஸ்புளோரர்தானே வச்சிருக்காங்க, மத்தவங்களுக்கு எதுக்குத் தனியா செய்யணும் என்பது அன்றைய நியாயம். வேறெதிலும் சைட் திறக்காததால்தான் எல்லோரும் அதை வைத்திருந்தார்கள்.

கடைசியில் அசைத்தது ஒரு டிவி சீரியல். ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ சீனாவில் சக்கைப்போடு போட்டது. கதாநாயகி போட்டிருந்த கோட்டை கொரிய சைட்டில் வாங்க நினைத்த சீன ரசிகர்களால் முடியவில்லை. சான்றிதழ் வேண்டும், ஆக்டிவ்எக்ஸ் வேண்டும். 2014 மார்ச்சில் அதிபர் பார்க் குன்-ஹே ஒரு கூட்டத்தில் இந்தக் கோட்டு விஷயத்தையே எடுத்துப் பேசினார். சொந்த மக்கள் பல வருஷமாகப் பட்ட அவஸ்தை, வியாபாரம் போனபோது கண்ணில் பட்டது. அப்புறமும் பல சைட்டுகள் ஆக்டிவ்எக்ஸை எடுத்துவிட்டு வேறொரு நிரலை இன்ஸ்டால் பண்ணச் சொல்லின. அந்தச் சான்றிதழின் தனி அந்தஸ்து 2020 டிசம்பரில்தான் நீங்கியது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு ஆதரவை நிறுத்தியது.

கதை முடிந்ததா? கொரியாவின் நேவர் நிறுவனம் ‘வேல்’ என்று சொந்தமாக ஒரு பிரவுசர் விட்டிருக்கிறது. அதன் உள்ளே ஓடுவது கூகுளின் குரோமியம். எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் பிரவுசர் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம். வெப்சைட்டின் நிரலைப் படித்துப் பக்கமாக வரைந்து காட்டும் எஞ்சின் என்று பார்த்தால், இன்று பெரிதாக மிச்சம் இருப்பவை மூன்று: குரோமியத்தின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. பிளிங்க்கே 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்த கிளைதான்.

ஆக்டிவ்எக்ஸும் குரோமியமும் ஒன்றல்ல. குரோமியத்தின் நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் கொரியாவை மாட்டவைத்தது கெட்ட தொழில்நுட்பம் மட்டும் இல்லை. வெப் என்பது எல்லோருக்கும் பொதுவான தரவிதிகளின்படி நடப்பது. அந்த விதியைப் பார்க்காமல், ஒரு பிரவுசரில் திறக்குதா, போதும் என்று ஒரு தலைமுறை டெவலப்பர்கள் நிறுத்திக்கொண்டதும் சேர்ந்துதான் மாட்டவைத்தது. அந்தப் பழக்கத்துக்கு எந்த எஞ்சினும் ஒன்றுதான்.

உங்க கம்ப்யூட்டர்ல ஒரு வாரம் ஃபயர்பாக்ஸ் மட்டும் வச்சு ஓட்டிப் பாருங்க. ‘குரோமில் திறக்கவும்’ என்று ஏதாவது சைட் சொன்னால், பேசாமல் குரோமுக்கு மாறிவிடாதீர்கள். அவர்களுக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள். கொரியாவில் அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவாக இருந்தார்கள்.