ஒரு பக்கத்து வெளிச்சம்



பள்ளி ஆண்டுமலருக்காக ஆறாம் ஆண்டு மாணவர்களை நிழற்படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. கேமராவின் மின்னொளியை நேராக முகத்தில் பாய்ச்சினேன். நெற்றியும் மூக்கும் பளபளத்தன; கண்கள் களையிழந்தன. படத்தைப் பார்த்த மாணவி ஒருத்தி, "நான் கறுப்பு டீச்சர், அதான் படம் நல்லா வரல" என்றாள். என் மனம் சுருங்கியது. பிழை அவள் நிறத்தில் இல்லை. நான் பாய்ச்சிய ஒளியில் இருந்தது. அதனை அவளுக்கு விளக்கவே நிழற்படக் கலையின் வரலாற்றைப் புரட்டினேன்.

1839இல் பாரிசில் டகேரின் முறை அறிவிக்கப்பட்டபோது கதிரவனே விளக்கு. வெயில் கண்ணைக் கூசச் செய்தது. 1841இல் ரிச்சர்ட் பியர்ட் இலண்டனில் திறந்த படப்பிடிப்புக் கூடத்தில் நீலக் கண்ணாடி பொருத்தப்பட்டது. அக்காலத் தகடு நீல ஒளியையே மிகுதியாக உணரும். ஆதலின் கூச்சமும் குறைந்தது; படமும் பதிந்தது.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் 48ஆம் வயதில் மகள் பரிசளித்த கேமராவுடன் இங்கிலாந்தின் வைட் தீவில் இக்கலையைத் தொடங்கினார். கோழிக் கொட்டகையே அவருடைய கண்ணாடிக் கூடமாயிற்று. வேண்டாத ஒளியை மறைத்து, வேண்டிய பக்கத்திலிருந்து மட்டும் முகத்தில் விழச் செய்தார். 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு வாழ்க்கையைச் சொல்கிறது.

1875இல் கேமரன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தில் உழைத்த தமிழரையும் அவர் படமெடுத்தார். 1879இல் அங்கேயே மறைந்தார். ஹெர்ஷலின் பெயரை உலகம் அறியும். அத்தொழிலாளர் பலரின் பெயரோ பதிவாகவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு இது உறுத்தியது.

மறுநாள் அம்மாணவியைச் சன்னலோரம் அமர்த்தினேன். சன்னலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். வெயில் மென்மையாகப் பரவியது. மறுபுறம் வெள்ளை மணிலா அட்டையைப் பிடிக்கச் செய்தேன், நிழல் இளகியது. படத்தை நெடுநேரம் பார்த்தவள், "இது நானா டீச்சர்?" என்றாள்.

ஆண்டுமலரில் ஒவ்வொரு படத்தின் கீழும் மாணவரின் முழுப்பெயரை அச்சிட்டோம். பிள்ளைகளின் முகம் படத்தில் மங்கினால், முகத்தைக் குறை கூறாதீர். வெளிச்சத்தை இடம் மாற்றிப் பாருங்கள்.