கிழிந்த கூம்பிலிருந்து போடிமெட்டு அடிவாரம் வரை

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஊர்த் திருவிழா என்றால் மைக் செட் இல்லாமல் நடக்காது. புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை, ஆம்ப்ளிஃபயர் தாங்கும் எல்லையையும் தாண்டித் திருகிவிடுவார்கள். பாட்டு பிசிறும், குரலின் ஓரங்களில் கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்போடுதான் அது தென்னந்தோப்புகளைக் கடந்து மலையடிவாரம் வரை போய்ச் சேரும். மைக் செட்காரருக்கு அது ஒரு கோளாறு. அதே கோளாறை அளவாக, வேண்டும்போது மட்டும், காலால் மிதித்து வரவழைப்பதற்காக ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மின்கிட்டார் வாசிப்பவர்கள் ஓவர்டிரைவ் பெடல் என்று சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

அதற்குள் நடப்பது எளிய காரியம். தன் சக்திக்கு மேல் ஓர் ஒலியலையைப் பெருக்கப் பார்க்கும் ஆம்ப், அலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் கூட்டமாகப் பிறக்கின்றன. தம்புராவின் குதிரையில் நூலைச் செருகி ஜீவா பிடித்தவர்களுக்கு இந்த ஆசை அந்நியமானதல்ல. நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும், ஒற்றைத் தந்தி ரீங்கரித்துப் பல சுரங்களாக விரிவதற்காகத்தானே அத்தனை பொறுமை! தம்புராக்காரர்கள் தேடிப்போய் அடைந்ததை அமெரிக்கக் கிட்டார்காரர்கள் ஒரு விபத்தில் அடைந்தார்கள்.

1951 மார்ச் மாதம். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து மெம்ஃபிஸ் நகருக்கு ஐக் டர்னரின் குழு பாட்டுப் பதிவு செய்யக் காரில் கிளம்பியது. வழியில் கிட்டார்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டு, அதன் ஒலிபெருக்கிக் கூம்பு கிழிந்துபோனது. காரிலிருந்து விழுந்ததாக ஒரு கதை, மழையில் நனைந்ததாக இன்னொன்று. பதிவுக்கூடத்தை நடத்திய சாம் ஃபிலிப்ஸ் வேறு ஆம்ப் தேடவில்லை. கிழிசலில் காகிதத்தைத் திணித்துவிட்டு, வந்த ஒலியை அப்படியே பதிந்தார். ‘ராக்கெட் 88’ என்ற அந்தப் பாட்டு பெரிய வெற்றி பெற்றது. ராக் அண்ட் ரோலின் தொடக்கம் என்றே பலர் அதைச் சொல்கிறார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 1958-ல், லிங்க் ரே என்பவர் ‘ரம்பிள்’ என்ற கிட்டார் இசைக்காகத் தன் ஒலிபெருக்கியில் பென்சிலால் ஓட்டை போட்டார். விபத்தை வேண்டுமென்றே செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அதே 1958-ல் நம் ஏலமலையிலும் இசை ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் பாடிப் பிரசாரம் செய்தவர் பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே போனால் வரும் பண்ணைப்புரம்தான் பாவலரின் ஊர். அவருடைய தம்பி ராசய்யா பின்னாளில் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்று, படப்பாடல் பதிவுகளில் கிட்டார் வாசித்து, 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜாவாக வெளிவந்தார். மின்கிட்டாருக்கும் இந்த மலைச்சரிவுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வீட்டைக் காட்டினால் போதும்.

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார், நடுவில் திடீரென்று வண்டுபோல் உறுமியது. பதிவு மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. அந்த உறுமலோடு பாட்டு 1961-ல் வெளிவந்து ஹிட் ஆனதும், அதே ஒலி எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடியைத் தேடி வந்தார்கள். பழுதான டிரான்ஸ்ஃபார்மரோ அதற்குள் முழுதாகச் செத்துவிட்டது. கோளாறையே புதிதாக உற்பத்தி செய்ய வேண்டிய நிலை! ஸ்னாடி நண்பர் ஒருவரோடு சேர்ந்து டிரான்சிஸ்டர்களை வைத்து அந்த ஒலியைச் செயற்கையாக உண்டாக்கி, கிப்ஸன் நிறுவனத்திடம் கொண்டுபோனார். 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ கடைக்கு வந்தது. காலால் மிதிக்கும் கரகரப்புப் பெட்டிகளுக்கு அதுதான் முன்னோடி.

கிப்ஸன் அதை விற்ற விதம் வேடிக்கையானது. இந்தப் பெட்டி இருந்தால் கிட்டாரில் டிரம்பெட், டியூபா, செல்லோ எல்லாம் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். முதல் ஆர்வம் தணிந்ததும் விற்பனை படுத்துவிட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த விளம்பரத்தை நம்பியதுபோலவே நடந்துகொண்டார். ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் ஊதுகருவிகள் வர வேண்டிய இடத்தை, இப்போதைக்கு இப்படி என்று ஃபஸ் பெட்டியோடு கிட்டாரில் வாசித்து வைத்தார். அந்தத் தற்காலிகப் பதிவே பாட்டாக வெளியாகி உலகைச் சுற்றியது. கடைகளில் தூங்கிய பெட்டிகள் மளமளவென்று தீர்ந்துபோயின.

லண்டனில் அதற்குள் வேறொரு நகல் வேலை தொடங்கியிருந்தது. ஜிம் மார்ஷல் டிரம் விற்பவர். அமெரிக்க ஃபெண்டர் ஆம்புகள் இங்கிலாந்தில் எட்டாத விலை என்பதால், அவருடைய கடை ஆட்கள் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து ஒன்றைச் செய்தார்கள். மின்சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, ஒலிபெருக்கி என்று பலவற்றிலும் கையில் கிடைத்த உள்ளூர்ச் சரக்கைப் போட்டார்கள். திருகினால் ஃபெண்டரைவிட முரட்டுத்தனமாகக் கத்தியது. நகல் எடுக்கப் போய்ப் புதிய ஒலி பிறந்துவிட்டது. ராக் இசையின் குரல் என்று இன்று நாம் நினைப்பதில் பாதி அந்த உள்ளூர்ச் சரக்கின் குரல்தான்.

இந்தியாவுக்கு இந்த உறுமல் தாமதமில்லாமல் வந்தது. 1970, 71-ல் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பெயரில் நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியின் இசைத்தட்டுகளில் ஃபஸ் கிட்டார் பிளிறுவதை இன்றும் கேட்கலாம். கருவிகள் வருவதுதான் கடினம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கிய காலம் அது. கொல்கத்தாவில் கிவ்ஸன் என்ற பெயரில் கிட்டார்கள் செய்து விற்றார்கள். எந்த அமெரிக்கப் பெயரை அது நினைவூட்டுகிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வால்வு ஆம்பில் ஒரு தொல்லை உண்டு. அது இனிமையாகக் கரகரக்க வேண்டுமென்றால் தெருவே அதிரும் அளவுக்கு ஒலியை ஏற்ற வேண்டும். ஃபஸ் பெட்டியோ எந்த ஒலியளவிலும் ஒரேயடியாக உறுமும், மென்மை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1977-ல் பாஸ் நிறுவனத்தின் ‘ஓடி-1’ வந்தது. அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சமமில்லாமல் வெட்டி, வால்வின் இதத்தை நெருங்கப் பார்த்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுசுமு தமுரா வடிவமைத்த பச்சைப் பெட்டி, ஐபனெஸ் பெயரில் ‘டியூப் ஸ்கிரீமர்’ ஆக வந்தது. இது இரு பாதிகளையும் சமமாக வெட்டும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்சுரங்களை அதிகம் கரகரக்க விடாமல், நடுச்சுரங்களை முன்னே தள்ளும். குழுவோடு வாசிக்கும்போது கிட்டார் தனித்துக் கேட்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்கக் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் அதை மிதித்தார், பிறகு உலகமே மிதித்தது.

இந்தப் பச்சைப் பெட்டிக்குள் இருக்கும் ‘4558’ என்ற சில்லுக்காகக் கிட்டார் உலகில் தவமே இருக்கிறார்கள். பழைய ஜப்பானியச் சில்லைத் தேடி அலைந்து, மிகுந்த விலை கொடுக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் பாஸ், டிரெபிள் போர்டு என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதே 4558 வகைச் சில்லுதான் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்து விற்கும் வீட்டு ஆம்புகளில் பல பத்தாண்டுகளாகப் பாடிக்கொண்டிருப்பது அதுவே. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இணைப்பு இது.

தமிழ்ப் படப்பாடல் கரகரப்பைச் சேர்த்துக்கொள்ள அவசரப்படவில்லை. 1982-ன் ‘இளைய நிலா’வில் கிட்டார் தெளிந்த நீராக ஓடுகிறது, அந்தத் தெளிவு ஓர் உயர்ந்த தேர்வு. தொண்ணூறுகளில் நிலைமை மாறியது. சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவை நடத்திய ஓர் இளைஞர் 1992-ல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்தார். இறக்குமதிக் கதவுகளும் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. 2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது ‘அடியே கொல்லுதே’யின் உறுமும் கிட்டார் யாருக்கும் அதிர்ச்சி தரவில்லை. கல்லூரி ஆண்டுவிழாக்களில் பையன்கள் அதைத்தான் வாசித்தார்கள். அதற்கு இசையமைத்த ஹாரிஸ் ஜெயராஜும் கிட்டார்காரராகத் தொடங்கியவர்தான்.

கர்னாடக இசையில் நடந்தது இதைவிட வியப்பானது. கிட்டாரில் கமகம் வாசிக்க ஒரு தடை உண்டு. தந்தியை மீட்டியதும் ஒலி தேயத் தொடங்கும், இழுத்து அசைப்பதற்குள் சுரம் பாதி செத்திருக்கும். ஓவர்டிரைவ் அலையின் உச்சியை வெட்டுவதால் பெரிய ஒலியும் சிறிய ஒலியும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வருகின்றன, சுரம் நெடுநேரம் நிற்கிறது. வீணையில் ஒரே மீட்டலில் பல சுரங்களை இழுத்து வாங்குவதை இங்கேயும் செய்ய முடிகிறது. கிட்டார் பிரசன்னா 2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற தொகுப்பில், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக, கரகரக்கும் கிட்டாரில் கர்னாடகத்தைப் பேச வைத்தார். கிளீவ்லாந்து, மயிலாப்பூர்க் கச்சேரி அரங்குகளில் யார் முகம் சுளித்தாலும், அந்தச் சேர்க்கைக்கு ஒலியியல் நியாயம் இருக்கிறது.

இனி விலை உயர்ந்த ‘பொட்டீக்’ பெடல்களின் கதை. 1994-ல் பாஸ்டன் பக்கம் பில் ஃபினிகன் என்பவர் ‘க்ளான் சென்டார்’ என்ற பெடலைக் கையால் செய்து விற்கத் தொடங்கினார். பொன்னிறப் பெட்டி, மேலே பாதி மனிதன் பாதி குதிரை உருவம். யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று மின்சுற்றின்மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார். சுமார் 8,000 பெடல்களோடு 2000-களின் இறுதியில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு பழைய பெடல்களின் விலை ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு ஏறியது. பிசினைச் சுரண்டி எடுத்து உள்ளே பார்த்தவர்களும் இருந்தார்கள். சுற்று வெளியே வந்ததும் நகல்கள் வெள்ளமாய்ப் பெருகின. 2024-ல் பெரிங்கர் நிறுவனம் பெயர், உருவம் எல்லாம் ஒத்த மலிவு நகலை விற்கப் புறப்பட்டபோது ஃபினிகன் வழக்குப் போட்டார். இதற்கிடையில் மும்பையில் ‘அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன்’ போன்ற சிறு பட்டறைகள் எழுந்து, இந்தியாவில் செய்த கரகரப்பை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. பயணம் திசை மாறிவிட்டது.

நகல் பொருள் அசலின் சந்தையைப் பிடிப்பதை ஏலக்காய் விற்கும் போடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோன ஏலச்செடி, இன்று அந்த நாட்டை உலகின் பெரிய ஏற்றுமதியாளராக்கியிருக்கிறது. ஆனால் ஏலக்காய்க்கு 8 மில்லிமீட்டர் சல்லடை உண்டு, பச்சை நிறம் உண்டு. ஏலக்கூடத்தில் அதை வைத்து விலை பேசலாம். பெடலுக்கு அப்படி ஒரு சல்லடை கிடையாது. பிசின், பெயர், காத்திருப்போர் பட்டியல், பெட்டியின் ஓவியம் எதுவும் ஒலியை அளக்காது.

ஆகவே மலையடிவாரத்தில் உட்கார்ந்து ஒரு நல்ல பெடல் வாங்க நினைப்பவர் முதலில் தன் ஆம்பைப் பார்க்க வேண்டும். டியூப் ஸ்கிரீமரும் அதன் வழிவந்தவையும் ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கிய வால்வு ஆம்பை இன்னும் கொஞ்சம் தள்ளுவதில் பேர்போனவை. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். அதில் பச்சைப் பெட்டி மெலிந்தும் மூக்கடைத்தும் கேட்கலாம். தாழ்சுரங்களை விட்டுவைக்கும் வேறு வகைச் சுற்று அங்கே பொருந்தும். இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். மிதிப்பவர் ஒருவர், முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்பவர் இன்னொருவர் என்று இருந்தால் பெயரின் மயக்கம் போய்விடும். சிறு பட்டறைக்காரரின் பெடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையால் இணைத்த சுற்று, பழுதானால் செய்தவரே சரிசெய்து தரும் பொறுப்பு, இவற்றுக்குக் கொடுக்கலாம். பிசினுக்கு அடியில் ரகசியம் இருப்பதாக நம்பிக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாகக் கிட்டாரின் ஒலித்திருகைப் பாதிக்குக் குறைத்து, விரலால் மெதுவாக மீட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஓவர்டிரைவ் அப்போது கரகரப்பைக் கைவிட்டுத் தெளியும், அழுத்தி மீட்டினால் மறுபடி உறுமும். பிறகு திருகை முழுதும் ஏற்றி, ஒரு காந்தாரத்தை மீட்டி, ஒரே மீட்டலில் அதை மத்திமம் வரை இழுத்து அசைத்து இறக்கிப் பார்க்க வேண்டும். இறங்கி முடிக்கும்வரை சுரம் தாங்கினால், அந்தப் பெடலுக்குப் பணம் கொடுக்கலாம்.