அடுப்பில் தூங்கிய பூனை

‘அடுப்புல பூனை தூங்குது’ என்ற சொலவடை காலமாகிவிட்டது. எந்த ஊரில், யார் வாயிலிருந்து அது கடைசியாக வந்தது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. நம் பாட்டிமார் பேச்சில் அன்றாடம் புழங்கிய அதை இன்று பழமொழித் தொகுப்புகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதன் குலம் பழையது. வள்ளல் குமணனைக் காணப்போன புலவர் பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருந்ததைப் புறநானூற்றில் சொன்னார். சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் கிடந்தது. காளானும் நாயும் இருந்த அந்த இடத்தில் பின்னாளில் பூனை வந்து படுத்தது. வரும்போதே ஒரு சிரிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மண்ணடுப்பு இருந்த வீடுகளில் இரவுச் சமையல் முடிந்து தணல் அவிந்த பின்னும் சாம்பலில் சூடு நெடுநேரம் நிற்கும். அந்தக் கதகதப்பை நாடிப் பூனை உள்ளே சுருண்டுகொள்ளும். விடிந்ததும் சாம்பல் அள்ள வருகிற கை அதை விரட்ட, உடம்பெல்லாம் சாம்பலாய்ச் சோம்பல் முறித்துக்கொண்டு அது வெளியேறும். வெயில் ஏறியும் அதை எழுப்ப ஆள் வரவில்லை என்றால், அந்த வீட்டில் உலையில் போட அரிசி இல்லை. பட்டினி என்ற சொல் வாயில் வராமலே பட்டினியைச் சொல்ல இவ்வளவு போதுமாயிருந்தது.

அடைமழையில் தெருவில் பாவு விரிக்க முடியாமல் தறி நின்றுபோன நெசவாளர் வீடுகளிலும், அறுப்புக்கும் நடவுக்கும் இடைப்பட்ட நாட்களில் கூலி கிடைக்காத குடிசைகளிலும் அந்தச் சொலவடை உழைத்தது. குடித்துவிட்டு வந்து சோறு எங்கே என்று அதட்டும் கணவனிடம் “அடுப்புல பூனை தூங்குது, போய் எழுப்பு” என்று சொல்லும்போது அதில் நெருப்பே இருந்தது. ஆனால் அது செய்த பெருந்தொண்டு வேறு. “என்னக்கா, சோறாக்கியாச்சா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். “எங்கடி ஆக்குறது, அடுப்புலதான் பூனை தூங்குதே” என்று இவள் சிரிப்பாள். அவளும் சிரித்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் முந்தானைக்குள் மறைத்து ஒரு படி அரிசி கொண்டுவந்து வைப்பாள். இவள் கேட்கவும் இல்லை, அவள் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மானத்தோடு பசியாறிய அந்த வீடுகளை நினைத்தால், எத்தனையோ புலவர்களின் சொற்களைவிட இந்த ஒரு சொல்லைத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அதன் கடைசிக் காலம் நல்ல செய்திகளோடுதான் வந்தது. 2006-இல் அமைந்த ஆட்சியில் அரசே எரிவாயு அடுப்பை இலவசமாகத் தந்தது. 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. மேடையேறிய இரும்பு அடுப்பில் பூனைக்குப் படுக்க இடமில்லை. அரிசி வந்த வீட்டில் அதற்குப் படுக்க நேரமும் இல்லை. பசித்த வயிற்றோடு அதைச் சொன்ன பெண்கள் எவரும் அது திரும்பி வர வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். நாமும் விரும்பவில்லை. ஆனாலும் துக்கம் துக்கம்தான்.

உடன்பிறந்தவை நலமாக இருக்கின்றன. தேர்தல்தோறும் மதில்மேல் பூனை நாளிதழ்களில் உலவுகிறது. பூனைக்கு மணி கட்டும் ஆளை இன்னும் தேடுகிறார்கள். ருத்திராட்சப் பூனைக்கோ மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையிலேயே, சுற்றிலும் எலிகள் இருக்க, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் மூதாதை உண்டு. அவையெல்லாம் அடுத்தவரின் குறையைச் சொல்பவை; அதனால் அவற்றுக்கு எக்காலத்திலும் வேலை இருக்கும். தன் வீட்டு இல்லாமையைத் தானே சிரித்துச் சொல்லிக்கொள்ள இருந்தது இது ஒன்றுதான்.

சிலிண்டர் தீர்ந்து, வேறு வாங்கப் பணமில்லாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் பக்கத்து வாசலில் நின்று “கேஸ் தீந்துபோச்சுக்கா” என்றால், “புக் பண்ணிட்டியா?” என்றுதான் பதில் வருகிறது.