கல்விக் கருவி வடிவமைப்பு

கற்பதற்கும் கற்பிப்பதற்கும் உதவும் பொருள்களைத் திட்டமிட்டு உருவாக்கும் தொழில். மரக்கட்டை, அட்டை, ஆய்வகப் பெட்டி, மென்பொருள் அனைத்தும் இதில் அடங்கும். இதற்கு அடித்தளமிட்டவர்கள் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். குழந்தைகளை அருகிலிருந்து நாளெல்லாம் கவனித்தவர்கள்.

இத்தொழிலின் தந்தை ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் (1782–1852). இளமையில் வனக்காவலர் ஒருவரிடம் வேலை பழகியவர்; பின்னர் பெர்லினில் கனிமவியல் அறிஞர் வைஸின் உதவியாளராக இருந்து படிகங்களை ஆராய்ந்தார். படிகங்களில் கண்ட ஒழுங்கு அவருடைய கருவிகளில் அப்படியே தெரிகிறது. 1837இல் பாட் பிளாங்கன்பர்கில் அவர் தொடங்கிய நிலையம் 1840இல் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைப் பெற்றது. அங்கே குழந்தைகளுக்கு வரிசை முறையில் தரப்பட்ட பொருள்கள் ‘கொடைகள்’ எனப்பட்டன. முதற்கொடை, ஆறு நிறங்களில் கம்பளிநூல் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவதில் ஒரு கனசதுரம் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். நான்காவதில் எட்டுச் செங்கல் வடிவத் துண்டுகளாகப் பிரியும். ஆடி முடித்ததும் துண்டுகளைப் பழையபடி கனசதுரமாக அடுக்கிப் பெட்டிக்குள் வைப்பதும் பாடத்தில் சேர்ந்ததே. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. தடை நீங்கிய 1860ஆம் ஆண்டைக் காண ஃபுரோபெல் உயிரோடில்லை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறுவயதில் இக்கட்டைகளோடு விளையாடியதைத் தம் கலையின் ஊற்றாகக் குறிப்பிட்டுள்ளார்.

அடுத்த பெரும் பாய்ச்சல் மருத்துவரான மரியா மாண்டிசோரியுடையது. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கான இல்லத்தைத் திறந்தார். அவருடைய உருளைப் பலகையில் குமிழ் வைத்த பத்து உருளைகளும் அவற்றுக்கு அளவான பத்துக் குழிகளும் உண்டு. சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழிக்கும் சேராமல் கையில் நிற்கும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. பிழையைப் பலகையே காட்டிக்கொடுக்கும். இத்துறை கண்ட மிகச் சிறந்த உத்தி இதுவே. 1939இல் சென்னை அடையாற்றில் பயிற்சி நடத்த வந்த மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

இந்தியாவில் கருவியின் விலையே முதன்மையான கேள்வியாக மாறியது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்கு 1978இல் சென்ற பொறியாளர் அர்விந்த் குப்தா, சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டாக நறுக்கித் தீக்குச்சிகளை இணைத்தார். நான்கு குச்சியில் செய்த சதுரம் தொட்டால் சாயும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. பாலத்துக்கும் கூரைக்கும் முக்கோணச் சட்டம் ஏன் என்பது குழந்தையின் விரலுக்கே விளங்கிவிடும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டைகளைப் பின்பற்றி 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வளர்ந்த செயல்வழிக் கற்றலிலும் அட்டைகளை உருவாக்கியவர்கள் ஆசிரியர்களே.

முறையான படிப்புக்கு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (1961), மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையம் (1969) ஆகியவை முதன்மையானவை. முன்னதன் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்குத் தனி முதுநிலைப் படிப்பு உண்டு. ஐ.ஐ.டி.களின் முதுநிலை வடிவமைப்புக்கு ‘சீட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலைக்கு எடுப்பவர்கள் மதிப்பெண்ணைவிடச் செய்துகாட்டிய மாதிரிகளையே பார்க்கிறார்கள். எனவே நுழைய விரும்புபவர் ஒரு பள்ளியில் உட்கார்ந்து, தாம் செய்த பொருளைக் குழந்தைகள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துத் திருத்திப் பழகுவதே சரியான வழி. பாதுகாப்பு விதிகளும் தெரிந்திருக்க வேண்டும்: 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மையின் எந்தத் துண்டும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது.

இன்று கற்றல் செயலி நிறுவனங்களிலும் இவ்வேலை கிடைக்கிறது.